டாக்டரைக் கூப்பிட்டேன்

ஜெர்லின் அப்பாவுக்கு,

மீன் பிடிக்கப் போன உங்களை இலங்கை நேவி அடைத்து வைத்திருக்கும் யாழ்ப்பாணச் சிறைக்கு இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியவில்லை. நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். வேலைக்குத்தான் இப்போது போகவில்லை.

போன வாரம் கடலாடிப் பக்கத்துப் பெண் கலைச்செல்விக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்கவே இல்லை. ஊசி போட்டேன், வயிற்றை அழுத்திப் பிடித்தேன், வார்டு போனில் டாக்டரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "வாரேன் சிஸ்டர்" என்றார். அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"டாக்டர் உடனே வந்துட்டாருன்னு சொல்லிருங்க" என்றார் மேனேஜர். கலைச்செல்வியின் அம்மா முத்தழகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது சொல்லு தாயி, எம்புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கதறினார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் நான்தான் டாக்டரைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். இனி எங்கேயும் நர்ஸ் வேலை பார்க்க முடியாமல் செய்துவிடுவார்களாம். அன்று பக்கத்திலேயே நின்ற நர்ஸ் அனிட்டாவும், "நான் எதையும் பாக்கலக்கா, என்னைய விட்ருங்க" என்று அழுகிறாள்.

இன்று காலை முத்தழகு அந்தப் பச்சைப்பிள்ளையோடு பாம்பனுக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "போலீசுல வந்து இதையே சொல்லுவியா தாயி?" என்றார். பிள்ளை பாலுக்கு வீறிட்டு அழுதது.

"வாரேம்மா" என்றேன்.

ஜெர்லினை உங்கள் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். வெளியே ஆட்டோ நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படியாவது வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி