படையலுக்கு ஒரு பாட்டில் ஒயின்

அண்ணாச்சி,

உங்கள் படையலுக்காக ஊறப்போட்டிருந்த ஒயின் பரணியை, அந்தப் பீங்கான் ஜாடியை, இன்று காலை திறந்தேன். திராட்சையும் பட்டையும் சேர்ந்து புளித்த வாடை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வருடா வருடம் இப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் உங்கள் வீட்டுத் தறிச் சத்தமும் எங்கள் வீட்டு ஜெபமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸுக்கு நான் கேக்கோடு ஒரு சின்னப் பாட்டில் ஒயினும் கொடுத்தனுப்புவேன். மதினி தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார். சீனி போட்டுத் தருவார். அப்படி ஒரு வருடம்தான் நீங்கள் திருநெல்வேலியில் ரத்தம் சோதித்து, கொழுப்பும் பிரஷரும் கூடுதல் என்று கை நிறைய மாத்திரையோடு வந்தீர்கள். ஆட்டுக்கறியை விடச் சொன்ன டாக்டரை ஒரு வாரம் திட்டித் தீர்த்தீர்கள்.

"ஏம்மா தங்கச்சி, ஒயின் கொழுப்பக் கரைக்குமாமே, நெசமா?" என்று கேட்டீர்கள். ஏதோ வாரப் பத்திரிகைத் துணுக்கில் நானும் அப்படிப் படித்திருந்தேன். என் கைப்பக்குவம் மருந்தாகிறதே என்ற பெருமை வேறு.

"கொஞ்சமாக் குடிச்சா நெஞ்சுக்கு நல்லதுன்னுதான் சொல்லுதாக, அண்ணாச்சி" என்றேன். அன்றிலிருந்து மாதாமாதம் பாட்டில் போனது. இருமல் மருந்து மூடியில் அளந்து குடிக்க ஆரம்பித்த நீங்கள் சீக்கிரமே டம்ளருக்கு மாறினீர்கள்.

ஒருநாள் புறவாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. ஒன் மருந்தே போதும். ஒன் மதினிட்ட சொல்லிராத, என்ன?" நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை, பாவி.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் தறிக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். பிறகு ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டேன். "குடிச்சா பிரஷர் ஏறும்மா. ஒயினை நம்பி மாத்திரையை விடுவாங்களா?" என்று கடிந்துகொண்டார். எது உங்களைக் கொண்டுபோனது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதற்குப் பின் நிம்மதியான தூக்கமில்லை.

மதினிக்கு எதுவும் தெரியாது. "அவுக அத்தன நாளாவது இருந்தது ஒன் கை ஒயினாலதான்" என்று சொல்லி, உங்கள் நினைவு நாளில் படத்துக்கு முன்னால் வைக்க என் ஒயினையே கேட்பார். நானும் கூசிக்கொண்டே கொடுத்துவருகிறேன்.

இன்று அதை வாங்க உங்கள் மகன் வந்தான். கையில் ரத்தச் சோதனைத் தாள். "அத்தை, படையலுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்கும் கொழுப்பு இருக்காம். அப்பாவுக்குக் கேட்டுச்சுல்லா?"

அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தியது, எனக்குத் தெரிந்திருந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்தது. திட்டுவான் என்று நினைத்தேன். அவன் சோதனைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, அத்தை" என்றான்.

அதே சொல், அண்ணாச்சி. அன்று உங்களிடம் சொன்ன 'சரி'யையே நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இவனிடம் இன்னொரு 'சரி' சொல்ல எனக்கு வாய் வரவில்லை.