இரண்டு முறை ஊற்றிய ஆயில்

ஜூன் 14, சனி. திருப்பதி.

தம்பி முரளியின் பழைய காரில் இருப்பது ரோட்டரி என்னும் அபூர்வ வகை இன்ஜின். அதில், இன்ஜினுக்குத் தானாக ஆயில் விட்டுக்கொண்டிருந்த பம்பையும் புகையைக் குறைக்கும் குழாய்களையும் போன வாரம் சித்தூரில் கழற்றிவிட்டோம். பழுதாகிற பொருள்கள் குறைந்தால் நல்லதுதான். ஆனால் இனி ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும், அந்தக் கால ஸ்கூட்டருக்குச் செய்தது போல, நாமே ஆயில் கலக்க வேண்டும். மறந்தால் இன்ஜின் தேய்ந்துவிடும். இந்தப் பக்கம் வேறு இன்ஜின் கிடைக்காது.

காலையில் பங்க்கில் தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பினேன். முரளி பணம் கொடுக்கப் போயிருந்தான். மறந்திருப்பான் என்று நினைத்து நானே ஆயிலை அளந்து ஊற்றினேன். கேட்டிருக்கலாம்.

காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டியதும் எங்கள் பின்னால் வெண்புகை எழுந்தது. கண்ணாடியில் மாமரங்கள் தரையைத் தொடாமல் ஒவ்வொன்றாக மிதந்து போயின. நிற்கவே வேண்டாம் போலிருந்தது. பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, கொசு மருந்து அடிச்சிக்கினு போறீங்களா?" என்றார்.

முரளி ஓரங்கட்டினான். "அக்கா, நீயும் ஊத்தினியா? நான் ஊத்திட்டுத்தானே காசு குடுக்கப் போனேன்!"

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா மட்டும் நம்பிடுவியா நீ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அதிகமானால் புகைதான், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்றான்.

நாளை திரும்பும் வழியில் மறுபடி பெட்ரோல் போட வேண்டும். இனி நீயே ஊற்று, நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆயில் டப்பா என் பையில்தான் இருக்கிறது. காலையில் அவனிடம் கொடுத்துவிட வேண்டும்.