எனக்கு விழுந்த இரண்டாம் வார்த்தை

மார்ச் 10, ஞாயிறு

பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைப் பிரசங்கம். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தையையும் ஏழு பேர் பேச வேண்டும். போன வருடம் "தாகமாயிருக்கிறேன்" என்பது சின்னது, தனக்குத்தான் வேண்டுமென்று இரண்டு மூப்பர்கள் சண்டை பிடித்தார்கள். அதனால் இம்முறை காணிக்கைப் பைக்குள் சீட்டு. எனக்கு இரண்டாம் வார்த்தை. பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்குப் பரதீசு கொடுத்த கதை. முப்பது வருடம் படிப்பித்த எனக்குக் கள்ளன்தான் கிடைத்தான்!

மார்ச் 12

கள்ளன் அப்படி என்னதான் செய்தான்? ஞானஸ்நானம் இல்லை. காணிக்கை இல்லை. மாதர் சங்கத்தில் ஒருநாள் தேத்தண்ணி ஊற்றியதும் இல்லை. "என்னை நினைத்துக்கொள்ளும்" என்று ஒரு வசனம், நேரே பரதீசு. நாங்கள் முன் வாங்கில் முதுகு நோக இருக்கிறோம்.

மார்ச் 17, ஞாயிறு

போதகர் திவாகரன் அறிவித்தார்: உயிர்த்த ஞாயிறன்று மோகனராஜுக்கு ஞானஸ்நானம். எந்த மோகனராஜ்? கடைசி வாங்கில் எழும்பி நின்றான். அவனேதான். மூன்று வருடத்துக்கு முன் குடிவெறியில் ஆட்டோ ஓட்டி, குட்ஷெட் பஸ் நிலையத்தடியில் என் மனுசனின் காலை நொறுக்கினவன். கோர்ட்டில் அவனுக்கு ஏழு மாத மறியல். இவருக்குத் தொடையில் கம்பி, கையில் ஊன்றப் பொல்லு.

சபை முழுக்க ஆமென். என்னைத் தவிர.

குண்டசாலை வீட்டுக்கு வந்து இவரிடம் வெடித்தேன். "அவனோட நான் ராப்போசனம் எடுக்கவோ?"

"என்ர கால்தானேயப்பா. நான் மன்னிச்சிட்டன். உமக்கென்ன?"

எனக்கென்னவா? காலுக்குச் சொந்தக்காரர் மன்னிக்கலாம். மூன்று வருடமாக அந்தக் காலைக் கழுவினவள்? அவளிடம் ஆர் கேட்டது?

மார்ச் 19

போதகரிடம் போனேன். சபையார் இருவர் சாட்சியாக எழும்பி நின்றால்தான் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். ஒருவரும் எழும்பாவிட்டால்? "தள்ளித்தான் வைக்கவேணும், டீச்சர்."

நல்லது. மாதர் சங்க ஜெயராணியிடம் மட்டும் என் மனவேதனையைச் சொன்னேன். அவளிடம் சொன்னால் சபைக்கே சொன்ன மாதிரி.

மார்ச் 29, பெரிய வெள்ளி

வெள்ளைச் சேலை கட்டிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். "கள்ளன் தன் நன்மையால் மீட்கப்படவில்லை. கிறிஸ்து அவனுடைய பாவத்தையும் சுமந்து மரித்தபடியால் மீட்கப்பட்டான். எங்களுக்கும் வேறு வழி இல்லை." மூப்பர்கள் தலையாட்டினார்கள். கடைசி வாங்கில் மோகனராஜ் அழுதான்.

வாசலில் வந்து நின்றான். "டீச்சர், நீங்க பேசுனது எனக்காகவேங்க."

"எல்லாருக்கும்தான் பேசினது," என்று செருப்பைத் தேடினேன்.

நான் சொன்னது பொய்யா? பொய்யென்றால் ஏன் சொன்னேன்? உண்மையென்றால் — அவனுக்காகவும் எல்லாம் சிலுவையில் முடிந்தாயிற்றென்றால் — நான் ஏன் இன்னும் ஆணியும் சுத்தியலுமாய் நிக்கிறன்? போடி றஞ்சனா டீச்சர்.

மார்ச் 30

இவர் கோட்டை அயன் பண்ணச் சொன்னார். ஏனென்று கேட்கவில்லை.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

"சாட்சிகள் எழும்பலாம்," என்றார் போதகர்.

ஒருவரும் அசையவில்லை. ஜெயராணி பாட்டுப் புத்தகத்தை இன்றைக்குத்தான் கண்டவள் மாதிரிப் புரட்டினாள். என் வேலை சுத்தமான வேலை. மோகனராஜ் புதுச் சட்டையோடு முன்னால் தனியே நின்றான். அவன் பெண்சாதி பாலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

பக்கத்தில் இவர் எழும்பத் தொடங்கினார். பொல்லு வழுக்கிவிட்டது. பாதியில் ஆடினார். ஐயோ, விழப்போறார்! பாய்ந்து எழும்பிக் கக்கத்தில் பிடித்தேன். அவ்வளவுதான்.

"இரண்டு பேர். ஸ்தோத்திரம்," என்றார் போதகர்.

நான் திரும்ப வாங்கில் இருந்திருக்கலாம். ஆனால் இவர் இருக்க மாட்டேன் என்கிறார். கையை விட்டால் விழுவார். தண்ணீர் ஊற்றி முடியும்வரை நின்றேன்.

பிறகு போதகர் பதிவேட்டோடு வந்தார். "டீச்சர், ஐயாவைப் பிடிக்கத்தான் எழும்பினனீங்கள் எண்டு தெரியும். வேண்டாமெண்டா உங்கட பேரை வெட்டிவிடுறன்."

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இவர் சிரித்தார். சிரிக்கத் தேவையில்லை என்றேன்.

பஸ்சுக்கு நின்றபோது மோகனராஜ் வந்தான். "ஆட்டோவுல கொண்டுபோய் விடவாங்க?"

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

போகவில்லை அவன். எங்களோடு வெயிலில் நின்றான். பஸ் வந்ததும் இவருடைய மற்றக் கக்கத்தைப் பிடித்தான். விடு என்று நான் சொல்லவில்லை.