சாயம் போன நூலும் திரும்பிச் சுற்றிய மோட்டாரும்

இன்றைக்குக் காலையில் மோட்டார் கருகும் வாசனை வந்ததும் வீட்டில் எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் உள்ளே ஓடினேன். எண்பதைத் தாண்டிய பிறகு என்னடி ஓட்டம் என்று கேட்காதே. அந்த வாசனைக்கு நான் ஓடுவேன் என்று உனக்குத் தெரியாதா? பின்கட்டில் வாஷிங் மெஷினின் பிழியும் தொட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், உள்ளே ஈரம் சொட்டச் சொட்ட ஒரு ஜமக்காளம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் நிலைப்படியில் நின்று கையைப் பிசைகிறாள், நானோ தனியாகச் சிரிக்கிறேன். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள்.

அடியே, நம்முடைய ஜமக்காளம் ஞாபகம் இருக்கிறதா? நம்முடையது என்ன, என்னுடையது.

அறுபத்தாறோ அறுபத்தேழோ. கடலூர் ஓ.டி.யில், அந்தப் பழைய டவுனில், உன் வீடும் என் வீடும் சுவரோடு சுவர். நடுவே ஒரு கொல்லைக் கதவு, அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். நீ சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவரின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருகிறவர், ஒரு தடவை உனக்கென்று துணி உலர்த்தும் மெஷின் கொண்டுவந்தார். இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டிரம், உள்ளே ஓட்டை போட்ட கூடை, அடியில் மோட்டார். ஸ்விட்சைப் போட்டால் கூடை சுழன்று, துணியிலிருக்கும் தண்ணீரெல்லாம் கீழே குழாய் வழியாகக் கொட்டும். அப்புறம் கொடியில் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும், மொடமொடவென்று ஆகிவிடும்.

ஐப்பசி அடைமழையில் அது எங்களுக்கு எப்பேர்ப்பட்ட உபகாரம்! மேலே போர்த்தும் வெள்ளைத் துப்பட்டி காயாததால் வாசல் தாண்ட முடியாதிருந்தவர்கள், பிள்ளைத்துணி காயாமல் அடுப்பு மேல் விரித்துக்கொண்டிருந்தவர்கள், நாற்றமடிக்கும் சேலையோடு வகுப்பில் நின்ற நான், எல்லாரும் உன் வீட்டில்தான். உன் வீட்டுக்காரர் கண்டிப்பாக எழுதியிருந்தார்: மெஷினில் உன் கை மட்டும்தான் படவேண்டும், ஊருக்கு விட்டால் பூட்டி வைத்துவிடுவேன், கொல்லைக் கதவையும் சேர்த்து. கடிதத்தை நீயே எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். பிறகு எல்லார் துணியையும் வாங்கிக் கூடைக்குள் போட்டு, ஸ்விட்சை மட்டும் நீயே தட்டினாய்.

"பாத்துக்கங்க, எங்கை மட்டும்தானே படுது? அவுங்க பேச்சை நான் தட்டுவேனா?"

அந்தத் திங்கட்கிழமை நீ லுஹர் தொழப் போயிருந்தாய். எனக்கு அவசரம். எங்கள் வீட்டு ஜமக்காளத்தைக் கிணற்றடியிலிருந்து தூக்கிவந்து, திணித்து, மூடியை அமுக்கி, ஸ்விட்சை நானே தட்டினேன். மெஷின் உறுமியது. கூடை அசையவில்லை. உறுமட்டுமே, கிளம்பிவிடும் என்று நின்றேன் பார், அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல! புகை வந்தது. நீ தொழுகை முடித்து வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் வருகிறார் என்று அன்று காலையில்தான் தந்தி வந்திருந்தது.

"ஐயோ, நான்தான்... இந்த ஜமக்காளத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"எப்புடி எரிஞ்சுதுன்னு நான் கேட்டனா? ஸ்பேனரை எடு."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஆம்பளை இல்லாத வூட்டுக்குள்ள வேத்து ஆம்பளையை விடுறதா? மோட்டார் எரிஞ்சதை மன்னிச்சாலும் மன்னிப்பாங்க, இதை மன்னிப்பாங்களா?" கடலூரில் எந்தக் கடைக்கும் கொண்டுபோக முடியாது. எல்லாரும் உன் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள், உலை கொதிப்பதற்குள் சேதி துறைமுகத்துக்குப் போய்விடும். ஆகவே சிதம்பரம். ஆகவே நாமே கழற்றியாக வேண்டும்.

மோட்டாரில் நாலு ஒயர். எதை எதோடு சேர்ப்பது என்று மறந்துபோகாமலிருக்க, தையல் பெட்டியிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு நூல் எடுத்தாய். பிரிக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தைக் கட்டினாய். நான் காலேஜ் படித்தவள், எனக்கு இது தோன்றவில்லை!

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் மோட்டாரை ஓலைக்கூடையில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி ரயிலேறினோம். எதிரே இருந்த அம்மாள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இவ்ளோ கனம்?" என்றாள்.

"பலாப்பழம்" என்றாய், துப்பட்டிக்குள்ளிருந்து.

"ஐப்பசியில ஏது பலாப்பழம்?"

"எங்க மாமி வூடு பண்ருட்டி. அவுங்களுக்கு மட்டும் காய்க்கும்."

ஆலப்பாக்கத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்திருந்தேன்.

சிதம்பரம் கீழவீதிக் கடைக்காரர் மோட்டாரைப் புரட்டிப் பார்த்து, உள்ளே கம்பி சுற்றிய காயில் அடியோடு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். அதே அளவில் வேறொன்று தேடி எடுத்து, பழசைப் போலவே அச்சு முனையில் நட்டு ஏற மரை வெட்டிக் கொடுத்தார். நூல்களைப் பார்த்ததும் சிரித்தார். புது மோட்டாரிலும் அதே வரிசையில் கட்டித் தந்தார். "மாட்டுறது யாரும்மா?" என்று கேட்டார். "இருக்காங்க ஒருத்தவுங்க" என்றாய், ரொம்பப் பணிவாக.

ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கும்போது வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மோட்டாரை உன் துப்பட்டிக்குள் வைத்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்தாய். மோட்டார் நனையவில்லை. வெளியே தொங்கிய நூல்கள்தான் நனைந்தன.

புதன்கிழமை காலையில் பார்த்தால், சிவப்பு நூலின் சாயம் இறங்கி மஞ்சளையும் முழுங்கியிருந்தது. பச்சையும் நீலமும் தப்பித்தன. மற்ற இரண்டும் ஒரே நிறம். "இதுதான் சிவப்பு, இதில்தான் அடர்த்தி ஜாஸ்தி" என்று நான் அடித்துச் சொன்னேன். படித்தவள் சொன்னால் சரியாயிருக்கும் என்று நீயும் மாட்டினாய். கூடையை அச்சில் இறக்கி நட்டை முறுக்கினோம். "பிஸ்மில்லா" என்று ஸ்விட்சைத் தட்டினாய்.

சுற்றியது! நான் குதித்தேன். நான் தரையில் கால் வைப்பதற்குள் கடகடவென்று வீடே அதிர, டிரம் நம்மைத் துரத்திக்கொண்டு வந்தது. நீ தாவிப் பிளக்கைப் பிடுங்கினாய். மூடியைத் திறந்தால் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, நட்டு தனியே உருண்டு கிடக்கிறது. எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ நட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாய். எவ்வளவு நேரம்!

"ஏ டீச்சரு, நட்டு தானாக் கழலுமா? கூடை திரும்பிச் சுத்தியிருக்கு. தையல் மிஷின் சக்கரம் பின்பக்கமாப் போனா நூலு சிக்கிக்குதுல்ல? அதே கதைதான். உன் சிவப்பு சிவப்பு இல்லை, மஞ்சள்!"

ஒயர் இரண்டையும் இடம் மாற்றினாய். நட்டை முறுக்கினாய். மறுபடி பிஸ்மில்லா. என் சேலை ஒன்றைப் போட்டோம். மெஷின் தன் இடத்தைவிட்டு அசையாமல் ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது. நீயும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தரையில் சுற்றினோமே, வழுக்கி விழுந்தோமே! என் வாழ்க்கையில் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்னொன்று சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, நேரே மெஷினிடம் போய் ஸ்விட்சைத் தட்டினார். கொல்லைக் கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன்.

"சத்தம் மாறியிருக்கே?"

"மோட்டார் மாத்துனேன் மச்சான்."

அவர் குரல் தணிந்து வந்தது. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. "எந்த மெக்கானிக் வூட்டுக்குள்ள வந்தான்?"

"ஒருத்தனும் வரலை. நான்தான் மாட்டுனேன்."

"யாருகிட்ட கதை வுடுறே?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நான் கதவைத் தள்ளியபோது, நீ ஏற்கெனவே ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்திருந்தாய். அவர் கண்ணெதிரே கூடையைக் கழற்றினாய், மோட்டாரை வெளியே எடுத்தாய், ஒயர்களைப் பிரித்துக் காட்டினாய். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "இப்ப நம்புறீங்களா?" என்றாய். உன் குரல் உடைந்ததை அப்போதுதான் கேட்டேன்.

அவர் மெஷினைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். வாசலுக்கு ஓடினார். "காக்கா! காக்கா! இங்க வாங்க, எம் பொஞ்சாதி மோட்டாரைக் கழட்டி மாட்டுறா!" என்று எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. நீ மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று! பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஸ்விட்சை யார் தட்டினாலும் அவர் கேட்கவில்லை. ஆனால் அது எப்படி எரிந்தது என்று எத்தனை முறை கேட்டார்! "பழசாச்சு, தேஞ்சு போச்சு" என்றே சொன்னாய். அவர் மவுத்தாகும் வரைக்கும் அதே பதில்தான். போன வருஷம் நீயும் போனாய். உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த கூட்டத்தில், அதை எரித்தது நான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும்.

கதைக்கு நடுவில் உன்னிடம் சொல்ல மறந்தேன். மருமகளை அனுப்பி மோட்டார் வாங்கிவரச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது வந்துவிட்டாள். பெட்டியை என் மடியில் வைத்தவள், நகராமல் நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது.

"அத்தை, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த ஜமக்காளத்தை நான்தான்..."

"எப்புடி எரிஞ்சுதுன்னு நான் கேட்டனா?" என்றேன். "ஸ்பேனரை எடு. தையல் பெட்டியையும் எடுத்துட்டு வா. சாயம் போகாத நூலாப் பாரு."