மார்த்தாவோடு மாலை நடை

அக்டோபர் 14, 1998. புதன்.

பக்கத்து வீட்டு மார்த்தா இன்று மாலை இறந்துவிட்டார். இந்த மலையூர் கிளினிக்குக்கு டாக்டராக வந்ததிலிருந்து தினமும் அவரோடுதான் நடப்பேன். மஞ்சள் இலைகள் கொட்டிக் கிடந்த ஏரி மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் மலையேறி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். கை இன்னும் வலிக்கிறது.

சான் ஹோசேயிலிருந்து என் கணவர் போன் செய்தார்.

"எழுபத்தாறு வயசு, சுதா. ஹார்ட் அட்டாக்னா நீ என்ன பண்ண முடியும்? சாப்பிட்டுட்டு படு."

இவரிடம்கூட ஒன்றைச் சொல்லவில்லை. போன வாரம் அதே மேட்டில் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது என்று மார்த்தா சொன்னார். குளிர்காற்றுதான், மெதுவாக நடங்கள் என்றேன். கிளினிக்கில் வந்து சொல்லியிருந்தால் உடனே ஈசிஜி எடுத்திருப்பேன். நடக்கும்போது நான் டாக்டராக இல்லை.

அவர் மகள் நாளைக் காலை வருகிறாள். "தினமும் கூட நடந்தீங்களே, அம்மா உடம்புக்கு ஏதாவதுன்னு சொன்னாங்களா?" என்று போனில் அழுதாள். நேரில் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவாள்.