பத்தொன்பதாவது வரி

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பேத்தி என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "கதவைச் சாத்து பாட்டி." மற்ற பேச்செல்லாம் கம்ப்யூட்டரோடுதான். வேலை செய்யும்போது வாய்விட்டுப் படிப்பது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம். அப்போதுதான் மண்டையில் ஏறுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காதில் விழுந்தாலே எனக்கு ஏறிவிடும். இறங்காது, அதுதான் கஷ்டம்.

அவள் மேசை கூடத்தில். என் கட்டில் அதற்குப் பின்னால். பகல் முழுக்க அவள் முதுகைத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது, அப்படி என்னதான் வேலை என்று கேட்டுவிட்டேன். கம்பெனிக்கு இருபத்திரண்டு கிளை. ஒவ்வொன்றிலும் ஒரு இணையப் பெட்டி. வெளியே போக எது வழி என்று அந்தப் பெட்டி ஒரு பட்டியல் வைத்திருக்குமாம். அதைப் படித்து வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கிற குட்டிக் குட்டி ஷெல் ஸ்கிரிப்டுகள், அதாவது மெஷினுக்கு எழுதிவைத்த உத்தரவுகள், பதினொன்று. முன்பு இருந்த ஆள் எழுதியவை.

"பதினொண்ணும் சுத்திச் சுத்தி ஒரே வேலையத்தான் பண்ணுது. நான் அதை ரெண்டாக் குறைக்கணும்."

"குறைச்சா?"

"வேலை நிரந்தரம். மெயின் ஆபீசுக்குக் கூப்பிட்டுக்குவாங்க. தங்க இடமும் தர்றாங்க."

"முடியலன்னா?"

"இந்த மாசத்தோட மூட்டை கட்டிட்டு உன் பக்கத்துலயே உக்காந்துக்க வேண்டியதுதான்." சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மெயின் ஆபீஸ் ரயிலில் ஒன்பது மணி நேரம்.

மார்ச் 6, வெள்ளி

இன்று இருபத்திரண்டு பெட்டியின் வரியையும் வரிசையாக வாய்விட்டுப் படித்தாள். "டிஃபால்ட் வயா பத்து புள்ளி ஒண்ணு புள்ளி நாலு புள்ளி ஒண்ணு டெவ் ஈத் ஜீரோ." இப்படியே. வயா என்றால் 'இது வழியாக'. அடுத்து வருவது வெளியே போகிற வாசலின் நம்பர். டெவ்வுக்குப் பின்னால் வருவது எந்தக் கம்பி என்பது.

பத்தொன்பதாவது, கிடங்கு. அங்கே கம்பி கிடையாது, சிம் கார்டுதான். "டிஃபால்ட் டெவ் பிபிபி ஜீரோ." அவ்வளவுதான். "இது வேற மாதிரி இருக்கே" என்றாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேசி முடித்து வந்து இருபதிலிருந்து தொடங்கினாள்.

மார்ச் 9, திங்கள்

பழைய ஆள் ஸ்கிரிப்டுக்கு நடுவே குறிப்பு எழுதி வைத்திருக்கிறாராம். மெஷின் அந்த வரிகளைப் படிக்காது, மனுஷருக்கு மட்டும்தான். "புலம்பித் தள்ளியிருக்காரு பாட்டி" என்று எல்லாவற்றையும் அழித்தாள். யாரும் படிக்காததை எழுதுகிற இன்னொரு ஜீவன். பாவம்.

மார்ச் 11, புதன்

எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நெஞ்சில் நின்றுகொள்ளும். காலை பத்தே கால். திரையில் மூன்று பேர். "எல்லா வரியிலும் மூணாவது வார்த்தைதான் சார் வாசல், அதை மட்டும் எடுத்தாப் போதும்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாத்துலயுமாடி?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"சும்மா இரு பாட்டி. உனக்கு ஒண்ணும் புரியாது."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தர் தொப்பி போட்டிருந்தார்.

என் கல்யாணத்தில் மூத்த நாத்தனார் 'பொண்ணுக்குக் கை நீளம்' என்று சொன்னதும், அப்போது யார் யார் பல் தெரிந்தது என்பதும் இன்றைக்கும் எனக்குத் தெரியும். இவள் என்ன, என் ரத்தம்தான். இருந்தாலும் பட்டியலில் சேர்த்தாயிற்று.

மார்ச் 16, திங்கள்

புது ஸ்கிரிப்டை எல்லாக் கிளையிலும் போட்டாள். சுத்தமாக வேலை செய்கிறது. கிடங்கு மட்டும் செத்துவிட்டது. இங்கிருந்து அந்தப் பெட்டிக்குள் நுழைந்து பார்க்கவும் வழியில்லை. மற்ற இருபத்தொன்றும் ஓடுகின்றன, இது மட்டும் ஏன்?

எனக்குத் தெரியும்.

சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மேலதிகாரி வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் பழைய பதினொன்றையே திரும்பப் போட்டுவிட்டு இவளை அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் படித்ததை அவள் எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. இந்த வீட்டில் அது இருக்கிற ஒரே இடம் என் தலை.

சும்மா இரு என்று சொன்னாளே. சும்மாத்தான் இருக்கிறேன்.

இது வெறும் கோபம்தானா? கோபம் என்றால் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு எதற்கு ஒன்பது மணி நேரத்தை எண்ணுகிறேன்?

மார்ச் 18, புதன்

பேத்தி இன்று வாய்விட்டுப் படிக்கவில்லை. வீடு முழுக்கச் சத்தமே இல்லை. பின்னாலிருந்து பார்த்தேன், தோள் குலுங்கியது. அடிப்பாவி, இதையா நான் கேட்டேன்? என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். அவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று பயந்தேனோ, அவள் இருக்கும்போதே வீடு அப்படி இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன்.

"பத்தொன்பதாவதுல வயா இல்லடி."

"என்னது?"

"கிடங்கு. டிஃபால்ட் டெவ் பிபிபி ஜீரோ. மூணாவது வார்த்தை வாசல் நம்பர் இல்ல. போன் வந்துச்சு, விட்டுட்டுப் போயிட்ட. ஆறாந்தேதி."

திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனை நாள் கழித்து அந்த முகம் முழுசாகத் தெரிந்தது! பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். வாசல் நம்பர் என்று நினைத்து 'பிபிபி ஜீரோ'வைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது ஸ்கிரிப்ட். பதில் வராததால் லைனே செத்துவிட்டது என்று அறுத்துவிட்டதாம். மூன்றாவது வார்த்தையை எண்ணாமல், வயாவைத் தேடிப்பிடித்து அதற்கு அடுத்ததை எடுக்கும்படி மாற்றினாள். வயா இல்லாத வரிக்குத் தனியாக ஒரு வழி. பழைய ஆளும் அப்படித்தான் செய்திருந்தாராம்.

"அன்னிக்கே ஏன் பாட்டி சொல்லல?"

"சும்மா இருக்கச் சொன்ன."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிறகு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். பாதிக் காரணத்தைத்தான் சொன்னேன். மீதியை அவள் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஆள் அனுப்பிப் புதுசைப் போட்டார்கள். கிடங்கு பிழைத்தது. வேலை நிரந்தரம்.

அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள், படித்துக் காட்டினாள்: "சில பெட்டியில் வயா இருக்காது. இதை அழிக்காதே." யார் சொன்னது என்று அதில் இல்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

மார்ச் 29, ஞாயிறு

ரயில் ஆறு இருபதுக்கு. வாரம் ஒருமுறை கூப்பிடுகிறேன் என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், மேசை கண்ணில் படாதபடி. மூன்று மணிக்கு எதற்கோ வாயைத் திறந்தேன், வரிகள் வந்தன. ஒன்றிலிருந்து வரிசையாகச் சொன்னேன். பத்தொன்பதுக்கு வந்ததும் நிறுத்தினேன். அன்றைக்கு இங்கேதான் போன் அடித்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பிறகு இருபதாவதைச் சொன்னேன்.