கருவாட்டுக் கொட்டகையில் வைத்த காப்பி

பிப்ரவரி 11, செவ்வாய், இரவு

அந்தமான் பெரார்கஞ்சின் காப்பிச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று தோற்றுத் திரும்பினேன். வருஷம் முழுக்கப் பாடுபட்டுக் கிடைத்த ஒரே மூட்டையை, அக்கா மகள் செல்வி வேலை பார்க்கும் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெரிய சல்லடையில் ஒரு கொட்டைகூடக் கீழே விழவில்லை.

"பார்த்தியா, ஒவ்வொண்ணும் யானைக்குட்டி!" என்றேன்.

அவள் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

"மாமா, மூட்டையை எங்கே வெச்சிருந்தீங்க?"

"கருவாட்டுக் கொட்டகையில. ஏன்?"

"காப்பிக்கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கும் மாமா. இது மெயின்லேண்ட் கப்பல் ஏறாது. ரிஜெக்ட்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து அதையே வறுத்து, அரைத்து, ஒரு டம்ளர் போட்டுக் குடித்தேன். செல்விக்கு எட்டிய கருவாடும் எனக்கு மணக்கவில்லை, காப்பியும் மணக்கவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.